மனைவியும் பிள்ளையும் உடன் வரலாமா? குடும்பத்தோடு வாழும் உரிமை பற்றி ஓர் எளிய விளக்கம்

கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையில் புனலூர், தென்மலை, ஆரியங்காவு என்று வரும் ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். இந்த வீடுகளில் வெளிநாட்டுப் பேச்சு எழாத நாள் குறைவு. ஒருவர் சார்ஜாவில் எலக்ட்ரீஷியன், ஒருவர் தம்மாமில் டிரைவர், இன்னொருவருடைய அத்தை மகன் பாரிஸில் ஓட்டல் வேலை. பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தக் கேள்விக்கு வந்துவிடும்: "வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் எப்பக் கூட்டிட்டுப் போகப் போறான்?"

"விசா கெடச்சா போவான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். விசா என்பது அந்த நாடு மனமிரங்கித் தருவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. பல நாடுகளில், சட்டப்படி தங்கியிருப்பவர் தன் கணவன் அல்லது மனைவியோடும் சிறு பிள்ளைகளோடும் வாழ்வதை உரிமையாகவே கேட்கலாம். கொடுக்க மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்த நிலை தானாக வந்ததும் இல்லை. வழக்கறிஞர்கள், தொழிற்சங்கங்கள், தேவாலயத் தொண்டு அமைப்புகள், பிரிந்து கிடந்த தம்பதிகளே தொடங்கிய சங்கங்கள் எல்லாம் சேர்ந்து போராடிப் பெற்றது இது. அவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள், எதற்காகச் சேர வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் ஏட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம், குடும்பம் சமூகத்தின் இயற்கையான, அடிப்படையான அலகு என்றும், சமூகமும் அரசும் அதைக் காக்க வேண்டும் என்றும் 16-ஆம் பிரிவில் சொல்கிறது. 1950-இல் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு, ஒவ்வொருவருடைய குடும்ப வாழ்வுக்கும் மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. 1989-இன் குழந்தை உரிமை உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெற்றோரும் பிள்ளையும் ஒன்றுசேரக் கேட்கும் விண்ணப்பத்தை அரசுகள் நல்லெண்ணத்தோடும் மனிதத்தன்மையோடும் தாமதமில்லாமலும் கையாள வேண்டும் என்கிறது அதன் 10-ஆம் பிரிவு.

படிக்க நிறைவாக இருக்கிறது. ஆனால் இந்த உரிமைக்கு எல்லை உண்டு. பொது ஒழுங்கு, நாட்டின் பொருளாதார நலன் போன்ற காரணங்களைக் காட்டி அரசு குறுக்கிடலாம் என்று அதே 8-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி இடம் கொடுக்கிறது. ஒரு தம்பதி எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த நாடு அவர்களை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 1985-இல் சொன்னது. ஆகவே நீதிபதிகள் எடைபோட்டுத்தான் பார்க்கிறார்கள். எத்தனை ஆண்டாக அங்கே வாழ்கிறார், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், வேறு நாட்டில் சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்ற கேள்விகள் வரும். எடைத்தட்டில் வைக்க ஆதாரம் வேண்டும். தனியாக ஒரு குடும்பம் அதையெல்லாம் திரட்டிவிட முடியாது. சங்கங்களின் தேவை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

குடும்பம் என்றால் யார் யார்? இதில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் அதிர்ந்து போகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் குடும்ப இணைவுக்கென்று ஒரு நெறிமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி கட்டாயம் அனுமதிக்க வேண்டியவர்கள் கணவன் அல்லது மனைவி, சட்டப்படி மேஜராகாத, மணமாகாத பிள்ளைகள். அவ்வளவுதான். பெற்றோரை அனுமதிப்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம். நம் வீடுகளில் விதவைத் தாயையும் கல்யாணமாகாத தங்கையையும் விட்டுவிட்டு யாராவது குடும்பம் என்று சொல்வார்களா? மகன் ஒருத்தன்தான், அவனும் கடல் தாண்டி இருக்கிறான், அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்றால் அந்தக் குடும்பம் எங்கே சேர்ந்து வாழ்வது? இந்தச் சட்டங்களின் ஆகப் பெரிய குறை இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன். பெற்றோர் விஷயத்தில் இன்னும் நிறையப் போராட வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுக் கதையாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிட வேண்டாம். குடும்பம் பிரிவதென்றால் என்ன என்று புனலூர்ப் பக்கத்து மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 9,75,000 பேருக்கு எந்தக் குடியுரிமையும் இல்லை என்று வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். அந்த மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் எதிர்த்தும் ஒப்பந்தம் நடந்தேறியது. பெற்றோர் இந்தியப் பட்டியலில், மணமான மகள் இலங்கைப் பட்டியலில் என்று பல குடும்பங்கள் இரண்டாயின. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே புனலூர்ப் பக்கத்தில் குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் எஸ்டேட்டுகள் போடப்பட்டன. அவற்றை நடத்தும் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் 1976-இல் உருவானது. பத்தனம்திட்டை மலையில் உள்ள கவி என்ற ஊருக்கும் ஏலத்தோட்ட வேலைக்காகப் பல குடும்பங்கள் போயின. கொஞ்ச காலம் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் இருந்தது. 1980-களில் போர் மூண்டு அதுவும் நின்ற பிறகு, அக்காளும் தங்கையும் கடிதத்தில் மட்டுமே பார்த்துக்கொண்ட வீடுகள் இங்கே உண்டு. இலங்கையிலேயே தங்கிவிட்ட, குடியுரிமை கிடைக்காத மக்களின் சிக்கலை முழுவதுமாகத் தீர்க்க 2003-இல் ஒரு தனிச்சட்டம் வர வேண்டியிருந்தது.

1964-இல் இந்த மக்களுக்கு வாய்க்காத ஒன்று 1978-இல் பிரான்சில் இருந்த தொழிலாளர்களுக்கு வாய்த்தது. அது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரான்ஸ் அல்ஜீரியா, மொராக்கோ, போர்ச்சுகல் போன்ற நாடுகளிலிருந்து லட்சக்கணக்கில் ஆட்களை வரவழைத்தது. கார் தொழிற்சாலை, சுரங்கம், கட்டட வேலை. பலர் தனி ஆண்களாக விடுதிகளில் கிடந்தார்கள். எண்ணெய் நெருக்கடி வந்ததும் 1974 ஜூலையில் புதிய தொழிலாளர் வருகையை அரசு நிறுத்தியது. ஏற்கெனவே இருப்பவர்களின் குடும்பங்கள் வருவதற்கு 1976 ஏப்ரல் 29 அன்று ஓர் அரசாணை வழி செய்தது. ஒன்றரை ஆண்டுதான். 1977 நவம்பர் 10 அன்று இன்னோர் ஆணை வந்தது: மூன்று ஆண்டுக்கு, வேலை கேட்காத குடும்பத்தினர் மட்டுமே வரலாம். ஒரு மனைவி தன் கணவனோடு வாழ வேண்டுமென்றால், வேலைக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சமாளிக்கத்தான் இது என்றது அரசு.

இதை எதிர்த்து பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்கு மூன்று அமைப்புகள் போயின. ஒன்று ஜிஸ்தி. 1972-இல் வழக்கறிஞர்களும் சமூகப் பணியாளர்களும் சில அரசு அதிகாரிகளும் சேர்ந்து தொடங்கிய சிறு குழு அது. வெளிநாட்டவருக்குச் சட்ட உதவி செய்வதுதான் அதன் வேலை. மற்ற இரண்டும் பெரிய தொழிற்சங்கங்களான சி.ஜி.டி., சி.எஃப்.டி.டி. இந்த இரண்டும் தொழிற்சாலை வாசலில் உறுப்பினர்களுக்காகப் போட்டி போடுகிறவை. ஜிஸ்தியிடம் சட்ட நுணுக்கம் இருந்தது, ஆள்பலம் இல்லை. சங்கங்களிடம் ஆள்பலம் இருந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் அவர்களிடம் இருந்ததாக எனக்குப் படுகிறது. "உள்ளூர்த் தொழிலாளியின் வேலையைக் காப்பாற்றத்தான் இந்த ஆணை" என்று அரசு சொல்லும்போது, அந்த உள்ளூர்த் தொழிலாளியின் சங்கமே எதிர்த்தரப்பில் மனுதாரராக நின்றால் அரசின் வாதத்தில் பாதி கழன்றுவிடும்.

1978 டிசம்பர் 8 அன்று தீர்ப்பு வந்தது. ஆணை ரத்து. பிரான்சில் முறையாகத் தங்கியுள்ள வெளிநாட்டவருக்கும் அந்நாட்டுக் குடிமக்களைப் போலவே இயல்பான குடும்ப வாழ்வு நடத்தும் உரிமை உண்டு, மனைவியையும் சிறு பிள்ளைகளையும் வரவழைத்துக்கொள்வது அதில் அடங்கும் என்றது நீதிமன்றம். இதைச் சட்டப் புத்தகத்தில் எங்கோ ஒரு வரியிலிருந்து நீதிபதிகள் எடுக்கவில்லை. சட்டத்தின் பொதுக் கோட்பாடு என்றார்கள், 1946 அரசியலமைப்பின் முகவுரையை ஆதாரம் காட்டினார்கள். எழுதாத ஓர் உரிமை அன்றைக்கு எழுத்தில் ஏறியது. 1993 ஆகஸ்ட் 13 அன்று பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் இதற்கு அரசியலமைப்புத் தகுதியே கொடுத்துவிட்டது.

கவனிக்க வேண்டியது, இந்த வழக்கில் மனுதாரர்கள் சங்கங்களே என்பது. ஒரு குடும்பம் தனக்கு வந்த மறுப்பை எதிர்த்து வழக்குப் போட்டு ஜெயித்தால் அந்தக் குடும்பத்துக்கு விசா கிடைக்கும், விதி அப்படியே இருக்கலாம். சங்கம் விதியையே எதிர்த்துப் போகும்போது, பெயர் தெரியாத ஆயிரம் குடும்பங்களுக்கும் சேர்த்துக் கதவு திறக்கிறது. விசாவுக்குக் காத்திருக்கும் பெண் தன் பெயரை வழக்கில் கொடுக்கவே பயப்படுவாள். சங்கத்துக்கு அந்தப் பயம் கிடையாது.

பிரான்சில் இன்றைக்கும் வேலை பங்கிட்டுத்தான் நடக்கிறது. ஜிஸ்தி சட்டத்தை எளிய மொழியில் கையேடாகப் போடுகிறது, வழக்கு நடத்துகிறது. 1939-இல் புராட்டஸ்டன்ட் இளைஞர் இயக்கங்கள் தொடங்கிய சிமாட் என்ற அமைப்பு பல ஊர்களில் உதவி மையம் வைத்து விண்ணப்பம் நிரப்பித் தருகிறது. ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனும் மற்றவர் வெளிநாட்டவருமான தம்பதிகள் 2007 முதல் தங்களுக்கென்றே ஓர் இயக்கம் நடத்துகிறார்கள். பல நாட்டுச் சங்கங்களை இணைக்கும் ஐரோப்பியக் கூட்டமைப்பும் உண்டு.

அங்கே இப்போது நடைமுறை எப்படி? குடும்பத்தை அழைக்க விரும்புபவர் குறைந்தது 18 மாதம் சட்டப்படி தங்கியிருக்க வேண்டும். வருமானம் குறைந்தபட்சக் கூலியைத் தொட வேண்டும், குடும்பம் பெரிதானால் அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். வீட்டுக்கும் அளவு உண்டு. பாரிஸ் வட்டாரத்தில் இரண்டு பேருக்கு 22 சதுர மீட்டர், அதற்குமேல் தலைக்கு 10. இரண்டு பிள்ளையுள்ள குடும்பத்துக்கு 42 சதுர மீட்டர் வேண்டும். பாரிஸ் வாடகையில் குறைந்த கூலிக்காரர் அதைப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். அகதி அந்தஸ்து பெற்றவருக்கு இந்த வருமான, வீட்டு நிபந்தனைகள் கிடையாது. இது தெரியாமல் பெரிய வீடு தேடி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

வெற்றி வந்தால் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் நடந்தது நல்ல எச்சரிக்கை. அங்கே சட்டப்படி வாழ்ந்த மூன்று பெண்கள் தங்கள் கணவன்மாரை வரவழைக்க முடியவில்லை. ஆண்கள் மனைவியை வரவழைப்பது அப்போது எளிது. 1985 மே 28 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் இது ஆண்–பெண் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பிரிட்டன் என்ன செய்தது? பெண்களுக்கு விதியைத் தளர்த்துவதற்குப் பதிலாக ஆண்களுக்கும் இறுக்கியது. பாகுபாடு போயிற்று, குடும்பங்கள் இன்னும் கஷ்டப்பட்டன. தீர்ப்புக்கு மறுநாளும் சங்கங்கள் விழித்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அதே பிரிட்டன் 2012-இல் வருமான வரம்பு கொண்டுவந்தது. ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பாதிக்காதவர் வெளிநாட்டு மனைவியையோ கணவனையோ அழைக்க முடியாது. 1967 முதல் இயங்கும் ஜே.சி.டபிள்யூ.ஐ. என்ற, குடியேறியவர்களுக்கான நலச்சங்கமும் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையருக்காக 2015-இல் ஓர் ஆய்வு செய்தன. அப்பாவையோ அம்மாவையோ கணினித் திரையில் மட்டுமே பார்க்கும் பிள்ளைகள் 15,000 வரை இருக்கலாம் என்று அதில் மதிப்பிட்டார்கள். "ஸ்கைப் குடும்பங்கள்" என்ற பெயர் அப்போதுதான் பரவியது. 2017-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கொள்கையளவில் செல்லும் என்றாலும், பிள்ளைகளின் நலனை விதிகள் போதுமான அளவு கருதவில்லை என்று சொன்னது. பிறகு 2024 ஏப்ரலில் அந்த வரம்பு 29,000 பவுண்டாக ஏறியது.

நம் ஊரிலிருந்து அதிகம் பேர் போவது வளைகுடாவுக்குத்தான். அங்கே கணக்கே வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். லேபர் கேம்பில் தங்கும் கட்டடத் தொழிலாளிக்கு இது எட்டாது. எட்டாதென்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு லீவு, அதற்குள் பிள்ளை அப்பாவை மறந்து அழும். அங்கே போய் வழக்காட சங்கமும் இல்லை. அமீரகத்திலும் சவூதியிலும் தொழிற்சங்கத்துக்கே அனுமதி கிடையாது. அதனால் வளைகுடாத் தொழிலாளிக்காகப் பேசுவது பெரும்பாலும் தாய்நாட்டில் இருக்கும் அமைப்புகளும், 1994 முதல் ஆசியச் சங்கங்களை இணைக்கும் மைக்ரன்ட் ஃபோரம் போன்ற கூட்டமைப்புகளும்தான். அவர்கள் கையிலெடுக்கும் முக்கியமான ஆயுதம் 1990-இல் ஐ.நா. ஏற்று 2003-இல் நடைமுறைக்கு வந்த புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கை. தொழிலாளியின் குடும்பம் ஒன்றாயிருக்க அரசுகள் வகை செய்ய வேண்டும் என்கிறது அதன் 44-ஆம் பிரிவு. இலங்கை 1996-இலேயே அதில் சேர்ந்துவிட்டது. இந்தியா சேரவில்லை. வளைகுடா நாடுகளும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் சேரவில்லை. தன் மக்களை அனுப்புகிற நாடே கையெழுத்துப் போடாதபோது, வாங்குகிற நாட்டிடம் எந்த முகத்தோடு கேட்பது? டெல்லியிடம் இதைக் கேட்க வேண்டியது நம் பக்கத்துச் சங்கங்களின் கடமை.

இனி வீட்டு வாசலுக்கு வருவோம். குடும்ப விசா பெரும்பாலும் தடுமாறுவது காகிதத்தில். எல்லையோரத்தில் அது இரட்டிப்பு. "அண்ணாச்சி, எனக்குக் கல்யாணம் செங்கோட்டையில, பிள்ளை பொறந்தது புனலூர்ல. எந்தப் பேப்பருக்கு எங்க போகணும்?" என்று கேட்காதவர்கள் இங்கே குறைவு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். உறவுகள் மாநில எல்லையை மதிப்பதில்லை, காகிதங்கள் மதிக்கின்றன. திருமணச் சான்று தமிழ்நாட்டில் வாங்கியது என்றால் அதற்குத் தமிழ்நாடு அரசின் சான்றொப்பம். பிள்ளையின் பிறப்புச் சான்று கேரளத்தில் வாங்கியது என்றால் கேரள அரசின் சான்றொப்பம், இதற்கு வெளிநாடுவாழ் கேரளத்தாருக்கான அரசு அமைப்பான நோர்க்கா வழி உதவி கிடைக்கும். பிரான்ஸ் போன்ற நாடுகளுக்கு இரண்டுக்கும் அதன்பின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது பல நாடுகள் ஒப்புக்கொண்ட ஒரே சான்று முத்திரை, போதும். அமீரகத்துக்கு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும்.

பழைய கல்யாணங்களில் இன்னொரு சிக்கல். திருமணப் பதிவைக் கேரளம் 2008 விதிகளாலும் தமிழ்நாடு 2009 சட்டத்தாலும் எல்லோருக்கும் கட்டாயமாக்கின. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டியவர்கள் பலரிடம் போட்டோவும் பத்திரிகையும்தான் மிச்சம். பெயர்ச் சிக்கல் வேறு. ரேஷன் கார்டில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், பிள்ளையின் சான்றில் மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன வேறோர் எழுத்து. தூதரக அதிகாரிக்கு மூவரும் வேறு ஆள்.

ஊர்ச் சங்கங்கள் கைகோக்க வேண்டிய இடம் இதுதான். தமிழ்ச் சங்கம், வெளிநாட்டில் உழைப்பவர்களின் பிரவாசி அமைப்பு, தேவாலயம், ஜமாஅத், கேரளப் பெண்கள் குழுக்களான குடும்பஸ்ரீ, தோட்டத் தொழிற்சங்கம் என ஒவ்வொன்றின் கையிலும் இப்படிச் சில குடும்பங்கள் இருக்கும். தனித்தனியாக வைத்திருந்தால் அது அந்தந்த வீட்டுத் தலைவிதி. மறுப்புக் கடிதங்களை ஒரே இடத்தில் சேர்த்து, எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால் விதியில் இருக்கும் ஓட்டை தெரியும். அதை வைத்துச் சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாம், நோர்க்காவிடம் போகலாம், வெளிநாட்டில் இருக்கும் சங்கத்துக்கு அனுப்பலாம். அங்கே வழக்கு நடத்துகிறவர்களுக்கும் இங்கிருந்து போகும் ஆதாரம்தான் வேண்டும்.

ஒரு குடும்பம் உடனே செய்யக்கூடியது, விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீதை நகலெடுத்து இரண்டு நாட்டிலும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது. பிரான்சில் குடும்ப இணைவு விண்ணப்பத்துக்கு ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால் அதுவே மறுப்பு என்று கணக்கு. பதில் வரும் என்று காத்துக்கொண்டிருந்தால் மேல்முறையீட்டுக்கான காலம் ஓடிவிடும். ரசீதில் உள்ள தேதியை வைத்து ஐந்தாம் மாதமே அங்குள்ள உதவி மையத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.